கழுவிய கண்ணாடி டம்ளர்

நீர்வண்ணத்தில் பொருள்களை வரைகிறவனுக்கு வரையத் தெரிவது பாதி. கையை எடுக்கத் தெரிவது மீதிப் பாதி. தூரிகை பிடித்து அவதிப்படும் தோழர்களே, அந்த மீதிப் பாதியில் நான் தோற்றதைக் கேளுங்கள். தென்காசியில் என் அறை வாசலில், ‘பொருள்கள் நேரில் பார்த்து வரைந்து தரப்படும்’ என்று பலகை மாட்டியிருந்தேன்.

சாரலில் காயாத தாள்

குற்றாலத்தில் சாரல் காலம். விடுதி ஒன்றின் வரவேற்பறைக்காக மங்குஸ்தான் பழங்களை வரைந்துகொண்டிருந்தேன். ஈரக் காற்றில் தாள் காயவில்லை. ஊதா வண்ணம் தானாகப் பரவிப் பழத்தின் முதிர்ச்சியை அழகாகக் காட்டியது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஓரம் கலைந்திருக்கிறதே என்று துடைத்தேன், துடைத்த இடத்தைத் திருத்தினேன், பழம் சேறாயிற்று. சுத்தம் செய்யும் ஆசை நற்குணம்போல வந்து நிற்கும், நம்பாதீர்கள். என் அறையில் உடன் வரையும் நண்பர் மாரியப்பன் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “பழம் நல்லாத்தாம்வே இருந்துச்சு. நீருதான் அழுக வச்சுட்டீரு.”

பீரோவில் இருந்தது

அடுத்த வாரம் வடகரையிலிருந்து செல்வி என்ற பெண்மணி வந்தார். வயலில் மோட்டார் போடப் போன கணவர் மின்சாரம் தாக்கி இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. இறந்த அன்று காலை அவர் குடித்து வைத்துவிட்டுப் போன கண்ணாடி டம்ளரையும் அவருடைய மூக்குக்கண்ணாடியையும் பையிலிருந்து எடுத்து வைத்தார். டம்ளரின் அடியில் கறை காய்ந்திருந்தது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வீட்டைக் கழுவுகிற உறவினர் கையில் சிக்காமலிருக்க, அதைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தாராம். அந்த நாளுக்குள் படம் வேண்டும். புறப்படும்போது சொன்னார்: “இருக்கபடியே வரைங்க அண்ணாச்சி. அவுக வாய் வச்சது அதுலதான் இருக்கு.”

சன்னலோரம்

மறுநாள் டம்ளரை வெளிச்சத்தில் வைத்தேன். கண்ணாடிப் பாத்திரத்தை வரையும்போது, ஒளி மினுங்கும் இடத்தில் தாளின் வெண்மையை அப்படியே விட்டுவிடுவோம். இந்த டம்ளர் மங்கலாக இருந்தது, மினுக்கம் கிடைக்கவில்லை. வரையுமுன் பாத்திரங்களைக் கழுவித் துடைப்பது என் நெடுநாள் வழக்கம். செல்வி சொன்னதைக் காது கேட்டிருந்தது, கை கேட்கவில்லை. குழாயடியிலிருந்து டம்ளரைத் துணியால் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தேன். முந்தைய நாள் செல்வி சொன்னதை உடனிருந்து கேட்ட மாரியப்பன் தூரிகையைக் கீழே வைத்தார். “என்ன வே... கழுவிட்டீரா?”

நான் இட்ட கறை

மறைக்கத் துணிந்தேன். ஈரத் தாளில், டம்ளரின் அடியில் ஒரு சொட்டுப் பழுப்பை விட்டேன். அது பரவியது. வாழ்நாளில் முதன்முறையாகச் சரியான நேரத்தில் கையை எடுத்தேன். உயிருள்ள கறையாக அமைந்தது. பொய் நம்முடைய சிறந்த திறமையைத்தான் கேட்டு வாங்கும்; எச்சரிக்கையாயிருங்கள்.

பதினைந்தாம் நாள் செல்வி வந்தார். மூக்குக்கண்ணாடியோடு டம்ளரையும் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டேன். படத்தை வெகுநேரம் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, “டீக்கறை அப்படியே இருக்கிறதா அம்மா?” என்று கேட்டேன். அவர் சுற்றியிருந்த தாளை மெல்லப் பிரித்தார். டம்ளர் மினுங்கியது. “அவுக டீயே குடிக்க மாட்டாக அண்ணாச்சி. கருப்பட்டிக் காப்பிதான்.”

பலகையிலிருந்து ‘நேரில் பார்த்து’ என்ற சொற்களை மட்டும் துடைத்துவிட்டேன். சுத்தம் செய்வதில்தான் எனக்கு நல்ல பழக்கம் உண்டே.