நாற்பத்து மூன்றாவது இடம்

கடைவீதியில் அவருக்கு 'அட்டை டீச்சர்' என்று பெயர். பிடித்தால் விடமாட்டார் என்று அச்சகக்காரர் ஒருவர் வைத்தது. காதுக்கு வந்தபோது, "ரத்தம் குடிக்காத வரைக்கும் சரி" என்று சிரித்துக்கொண்டார். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இரண்டு வாரம் ஏதாவதொரு தொழிலிடத்தில் வேலை பழகி வரவேண்டும் என்று பள்ளி முடிவெடுத்தது. மற்ற ஆசிரியர்கள் நைசாக நழுவிவிட, இடம் தேடும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது.

மொத்தம் நாற்பத்து மூன்று பேர். பள்ளி விட்டதும் டீச்சர் ஸ்கூட்டரில் கிளம்பி மருந்துக்கடை, தையல் யூனிட், பல் மருத்துவமனை என்று படியேறி இறங்கினார். "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றவர்களிடம் "எந்தக் கிழமை?" என்று கேட்டு, அந்தக் கிழமையில் சரியாகப் போய் நின்றார். வீட்டில் சமையல் கணவர் கைக்கு மாறியது. "உனக்கும் ரெண்டு வாரம் நம்ம வீட்டுல ஒரு இடம் பாத்துத் தரட்டுமா?" என்று அவர் கேட்டார்.

நாற்பத்திரண்டு இடம் அமைந்துவிட்டது. மிஞ்சியவள் ஒரு மாணவி. அவளுக்குப் பேச்சு திக்கும். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். ஆனால் பள்ளியில் ஓடாமல் கிடந்த மின்விசிறிகள் இரண்டைக் கழற்றி மாட்டி ஓடவைத்தவள். வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் பட்டறைக்குத்தான் போவேன் என்று படிவத்தில் பேனா அழுந்த எழுதியிருந்தாள்.

பட்டறைக்காரர் மூன்று முறை கையை விரித்தார். நான்காம் முறை, "சரி, அனுப்புங்க. போன் எடுக்கவாவது ஒரு ஆளாச்சு" என்றார்.

டீச்சர் மனதுக்குள் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் இடம் கைநழுவிவிடும். மூச்சுக்காட்டாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் நாள் பதினொரு மணிக்கே அந்தப் பெண் பள்ளிக்குத் திரும்பி வந்தாள். அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"அ... அவர்கிட்ட சொல்லலையா மிஸ்?"

"சொன்னா எடுத்திருக்க மாட்டாரும்மா."

"நான் பே... பேசறதுக்குள்ள அந்தப் பக்கம் வெச்சுட்டாங்க. அவர் போனைப் பி... பிடுங்கிட்டார். இது ம... மறைக்க வேண்டிய விஷயமா மிஸ்?"

டீச்சர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "தப்பு என்னோடது. வா, இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

"நா... நான் சொல்றேன். நீங்க கூட வாங்க, போதும்."

பட்டறையில் ஈர ரப்பர் வாசனை. முதுகு திறந்த இயந்திரங்கள் வரிசையாக நின்றன. "உங்ககிட்ட மறைச்சது என் தப்பு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீச்சர் ஒதுங்கிக்கொண்டார்.

"போ... போன் வேணாம் சார். மெ... மெ..."

அந்தச் சொல்லை எடுத்துக்கொடுக்க டீச்சரின் நாக்கு துறுதுறுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். பட்டறைக்காரர் பரிதாபமாக அவர் பக்கம் திரும்பினார்.

"என்னைப் பாக்காதீங்க. அவதான் பேசறா."

"மெஷினைக் கொடுங்க. ச... சரியில்லன்னா நானே போயிடறேன்."

பட்டறைக்காரர் பிடரியைச் சொறிந்தார். மூலையில் கிடந்த ஒன்றைக் காட்டி, "அது தண்ணியை வெளியேத்த மாட்டேங்குது. கழட்டு, பாப்போம்" என்றார்.

அவள் ஒரு பழைய காகிதத்தை விரித்து, கழற்றிய திருகாணிகளை ஒவ்வொன்றாக எண் போட்டு அடுக்கினாள். பம்ப்பின் வாயில் ஒரு குழந்தையின் காலுறை சிக்கியிருந்தது. பட்டறைக்காரருக்குக் காலுறை பெரிதாகப் படவில்லை. அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நம்ம ஆளுங்க மாட்டினா எப்பவும் நாலு ஸ்க்ரூ மிஞ்சும்" என்றார். "நாளைக்கு ஒம்பதுக்கு வந்துடு."

இரண்டு வாரத்தையும் அவள் முழுதாக முடித்தாள். போன் கடைசிவரை அவரிடமே இருந்தது.

டீச்சர் படிவத்தை மாற்றி எழுதினார்: இடம் உறுதியாகும் முன் மாணவரே நேரில் போய்ப் பேசவேண்டும். "பிள்ளைங்க சொதப்பிட்டா இடம் போயிடுமே?" என்றார் தலைமையாசிரியர்.

"கொஞ்சம் போகும் சார். நான் வேற தேடறேன்."

அடுத்த ஆண்டு ஐம்பத்தொரு பிள்ளைகள். நேரில் பேசப்போனதில் எட்டு இடம் கைவிட்டுப் போனது. ஆறை டீச்சர் மீட்டார். பாக்கி இருவரையும் அழைத்துக்கொண்டு, திங்கட்கிழமை மாலை கண்ணாடிக் கடை ஒன்றின் படியேறினார்.