சிவப்பு விளக்கில் பின்னிய சடை

எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. குறுக்கே ஓர் ஈ காக்கைகூட வராத சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக நின்றால் தலை சூடாகிவிடும். அப்படிப்பட்டவளுக்கு மலேசியாவின் ஜொகூர் பாருவில் சிக்னல் விளக்குகளைக் கவனிக்கும் வேலையே கிடைத்தது. பழி தீர்க்கத்தான் சேர்ந்தேன் என்று என் வீட்டுக்காரர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் பக்கத்துப் பெரிய சாலையில் ஒவ்வொரு விளக்கும் தன் இஷ்டத்துக்கு எரிந்துகொண்டிருந்தது, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, ஒரு விளக்கில் புறப்படும் வண்டிகள் அடுத்ததை எட்டும்போது அதுவும் பச்சையாகும்படி நேரம் குறிப்பதுதான் என் வேலை. சீரான வேகத்தில் போனால் எங்கேயும் நிற்க வேண்டாம். சொல்வது சுலபம். அது என் உயிரை வாங்கியது.

வீட்டுக்காரர் விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார். நானும் மகளும் அரக்கப் பரக்கக் காரில் ஏறுவோம். அவளுக்கு மூன்றாம் வகுப்பு. தமிழ்ப்பள்ளியில் இரட்டைச் சடை கட்டாயம். சிவப்பு விழுந்ததும் பக்கத்து இருக்கையில் அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்புவாள். நான் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் பின்ன ஆரம்பிப்பேன். ஒரு சிவப்பில் ஒரு சடை, அடுத்ததில் இன்னொன்று, அதற்கடுத்ததில் ரிப்பன். என் முகம் தெரியாதபோதுதான் அவளுக்கு வாய் திறக்கும். பள்ளிக் கதை முழுவதும் அந்தச் சிவப்பில்தான் வரும். வீட்டில் கேட்டால் ஒரே பதில், "ஒண்ணுமில்ல."

விளக்குகளை இணைத்த மறுநாள் காலை. முதல் சந்திப்பில் நின்றோம். முதுகைத் திருப்பியவள், "அம்மா, ஒண்ணு சொல்லணும்," என்றாள். அதற்குள் பச்சை. அடுத்ததும் பச்சை. அதற்கடுத்ததும். நான் ஸ்டியரிங்கைத் தட்டிப் பாட்டே பாடினேன். பள்ளி வாசலில்தான் பார்த்தேன், ஒரு பக்கம் பாதிச் சடை, மறுபக்கம் விரித்த தலை. காவலாளி முன்னால் அவசரமாக முடிந்துவிட்டேன். உம்மென்ற முகத்தோடு இறங்கிப் போனாள்.

சாயங்காலம் கேட்டேன். "ஒண்ணுமில்ல." அன்று அலுவலகத்தில் எனக்குத் தே தாரிக் டீயும் கறிபாப் பலகாரமும் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடியிருந்தார்கள். அவளுடைய அந்த ஒரு வார்த்தையில் குஷியெல்லாம் இறங்கிவிட்டது. அடுத்த நாள் சீக்கிரம் எழுந்து வீட்டிலேயே பின்னினேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயை மூடி உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் வேறு யோசனை வந்தது. வேண்டுமென்றே மெதுவாகப் போனால் சிவப்பில் மாட்டலாம். ஆனால் பின்னால் வரும் வண்டிகளும் மாட்டும். பாடுபட்டுக் கோத்ததை நானே அறுக்க மனம் வரவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்துக் கிராமத்துப் பக்கம் போகும் கம்பத்துச் சாலைக்குள் நுழைந்தேன். பெரிய சாலைக்குக் கூடுதலாகக் கொடுத்த பச்சையை இந்த மாதிரி கிளைச் சாலைகளிடமிருந்துதான் எடுத்திருந்தேன். அங்கே சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. எனக்கு நல்லதாகப் போயிற்று.

பின்ன ஆரம்பித்ததும் அவளும் ஆரம்பித்தாள். "என் பக்கத்துல உட்கார்றவ இருக்கால்ல, அவங்க வீட்ல எல்லாரும் சிங்கப்பூருக்கே போறாங்களாம்மா. இனிமே நான் யார்கூட சாப்பிடுவேன்?"

பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் தோள் குலுங்கியது. பின்னலை இன்னும் மெதுவாக்கினேன். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்கும் இந்த வழியா போலாமா?" என்றாள்.

இடப்பக்கம் பொந்தியான் ஊரிலிருந்து மீன் ஏற்றி வந்த ஒரு லாரி நின்றது. ஓட்டியவர் நம்மவர்தான். தலையை வெளியே நீட்டி, "ஐஸெல்லாம் உருகுது. எந்த மடையன் லா இந்த லைட்ட இப்படி வெச்சான்?" என்று பொதுவாகக் கேட்டார்.

மகள் கண்ணாடியை இறக்கினாள். "எங்கம்மாதான் அங்கிள்."

அவர் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பாதிச் சடையைப் பார்த்தார். பிறகு விளக்கைப் பார்த்தார்.

"நல்லா இறுக்கியே பின்னுமா," என்றார். "இன்னொரு சடைக்கும் டைம் இருக்கு."