அப்ஹாவிலிருந்து தாயிபுக்கு ஒன்றரை மணி

ஐந்தாம் வகுப்பில் நான் பெரிய கெட்டிக்காரி. தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், யாருக்குக் கடிதம் வந்தாலும் வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தலைக்கனத்தில்தான் ஒருநாள் ஆகாய விமானத்துக்கே நேரம் குறித்தேன்.

அம்மா சவூதியில் அப்ஹா என்ற ஊருக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவளுடைய தங்கை, என் சின்னம்மா, அதே நாட்டில் தாயிபில் இருந்தாள். இரண்டும் மலை ஊர், நம்ம ஊர் லிந்துலை மாதிரியே குளிரும் என்று இருவரும் எழுதியிருந்தார்கள். சின்னம்மாவிடமிருந்து நாலு மாதமாகக் கடிதம் இல்லை. லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையான பக்கத்துக் காம்பராவில் இருந்த அவள் புருஷன், என் சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் கடிதம் வந்து சேரும் தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வருவார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

பள்ளிக்கூடத்து அட்லசைக் கொண்டுவந்து அடிமட்டத்தை வைத்து அளந்தேன். இரண்டு ஊருக்கும் பக்கத்தில் விமானப் படம் போட்டிருந்தது. நடுவே என் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. யாழ்ப்பாணத்து வாத்தியாரிடம் விமானத்தின் வேகத்தைக் கேட்டு வகுத்தேன். ஒரு மணி நேரம் வந்தது. மலையில் பிறந்தவளுக்கு அது போதுமா? நம் ஊரில் இறங்க ஒரு நேரம், ஏற ஒரு நேரம். ஆகவே ஏற்றத்துக்கென்று அரை மணி கூட்டிக்கொண்டேன்.

"சித்தப்பா, நாம கந்தப்பளைக்கு பஸ்ல போற நேரந்தான்! அரைப் பேர் போனாலும் போகட்டும், அம்மா காலையில போய் சின்னம்மாவப் பாத்துட்டு அந்திக்கு வந்துரலாம்."

தோட்டத்தில் பாதி நாள் வேலை செய்தால் அரைப் பேர் போடுவார்கள், பாதிச் சம்பளம். உலகம் முழுக்க அப்படித்தான் என்பது என் எண்ணம். "அப்படியே எழுதும்மா!" என்றார் சித்தப்பா. அப்பா மட்டும், "அவ எப்படிடீ போவா..." என்று இழுத்தார். அட்லசை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

கணக்கை முழுசாக எழுதி, போகாவிட்டால் உன்னோடு பேசமாட்டேன் என்று மிரட்டலும் சேர்த்து அனுப்பினேன்.

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. அடேயப்பா, அம்மா போயிருக்கிறாள்! "எம் மக கணக்கு அச்சொட்டா சரி. ஒன்றரை மணியில போய் எறங்கிட்டேன். தங்கச்சி சொகமா இருக்கா, வேல கூடிப்போச்சு, அதான் எழுதல." சித்தப்பா அன்று இரண்டு தட்டுச் சோறு தின்றார். எனக்கு ஒரு முழு பிஸ்கட் பாக்கெட். லயம் முழுக்க அந்தக் கடிதத்தை எட்டுத் தடவையாவது வாசித்திருப்பேன்.

அடுத்த கிழமையே சின்னம்மாவின் கடிதமும் வந்துவிட்டது. காய்ச்சலில் கிடந்தாளாம், இப்போது சுகமாம். வாசித்துக்கொண்டே வந்தேன். "அக்காவப் பாத்து ரெண்டு வருசமாச்சு. அது எப்படி இருக்குனு எழுதுங்க."

எனக்கு வந்ததே கோபம்! இவ்வளவு தூரம் பறந்து போய்ப் பார்த்தவளை இப்படியா மறப்பது? அப்பா என் கையிலிருந்து கடிதத்தை மெதுவாக வாங்கி மடித்தார். சித்தப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் பாஸ்போர்ட் வீட்டுக்காரியின் அலுமாரியில் பூட்டிக் கிடந்ததும், அந்த இரண்டு வருடத்தில் அவள் வாசல் கேட்டைக்கூடத் தனியாகத் தாண்டாததும், அவள் திரும்பி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு எங்கே தெரிந்தது? சூட்டோடு சூடாக அம்மாவுக்கு எழுதிப் போட்டேன்: சின்னம்மாவுக்கு மறதி வந்திருச்சு, அடுத்த தடவ போறப்ப நல்லாத் திட்டிட்டு வா.