ரம் மணந்த சட்டை

உப்புவெளி விடுதியில் சமையற்காரர் பொரித்த வாழைப்பழத்தின் மேல் ரம் ஊற்றித் தீ வைத்தார். நீலச் சுவாலை எழும்பியதும் மகள் கைதட்டினாள். நான் எழும்பிப்போய் யன்னலைச் சாத்தினேன்.

யப்பான்காரன் குண்டு போட்ட காலத்துப் பழக்கம். அப்போது இருட்டினால் வீட்டு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது. துறைமுகத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் குசினியில் சமைத்த அப்பாவின் சட்டை அடிக்கடி ரம் மணக்கும்.

“இஞ்சேரப்பா, நான் குடிக்கேல்லை. புடிங்குக்கு ஊத்தினது.”

“இனிப்புக்குள்ள ஆராவது குடிவகை ஊத்துவினமோ?”

அம்மா நம்பவில்லை. வெருகலில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போக உடுப்புகளை மூட்டை கட்டிவிட்டார்.

அன்று பொழுதுபட அப்பா சின்னப் போத்தலில் மிச்ச ரம் கொண்டுவந்தார். கதலிப்பழத்தை நெய்யில் வாட்டி, சீனி தூவி, ரம் ஊற்றிக் கொளுத்தினார்.

“பாரும், இதுதான் சட்டையில ஏறின மணம்.”

“ஆரின்ர வீட்டில வெளிச்சம்?” தெருவில் காவற்காரர் கத்தினார்.

மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிய அம்மா, புழுக்கத்துக்குத் திறந்திருந்த யன்னலை அறைந்து சாத்தினார். தீ தானாக அணையும்வரை யன்னலில் முதுகைக் கொடுத்து நின்றார். பிறகு ஒரு துண்டு தின்றார். இன்னொரு துண்டும் எடுத்தார்.

அதன்பிறகு அப்பாவின் சட்டை ரம் மணந்த நாள்களில் அம்மா கேள்வி கேட்டதேயில்லை. கதலிப்பழம் எடுத்து வைத்துவிட்டுப் போய் யன்னலைச் சாத்துவார்.