சேர்த்துக் கட்டிய ஆன்டெனா

ராயபுரத்துக்காரி ஜூடிக்குக் கோபம் சீக்கிரம் வரும். வேலையும் அதற்கேற்றபடிதான் வாய்த்திருந்தது. எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கிரேன்களின் வயர்லெஸ் இணைப்பைக் கவனிக்கும் டெக்னீஷியன். எந்தப் பெட்டியை எடுப்பது என்ற உத்தரவு கிரேன் கேபினிலுள்ள திரையில் வரும்; எடுத்துவிட்ட சேதி அங்கிருந்து திரும்பப் போகும். திரை செத்தால் கிரேன் நிற்கும், லாரிகள் வாசல் வரை தேங்கும், எல்லோரும் ஜூடியைத் திட்டுவார்கள்.

அன்று நின்றுபோனது மனோகரன் ஓட்டும் கிரேன். ஏறிப் பார்த்தாள். ஒரு முழம் இடைவெளி விட்டு அவள் மாட்டியிருந்த இரண்டு ஆன்டெனாவையும் யாரோ சணல் கயிற்றால் ஒன்றாகக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துவிட்டுப் போனாள். மறுநாள் மறுபடி கட்டியிருந்தது. கயிற்றை வெட்டி எறிந்தாள். அடுத்த முறை லுங்கித் துணி. அதையும் அவிழ்த்தாள்.

மனோகரனையே பிடித்தாள். "இன்னாண்ணா, எதுக்கு அத்த கட்டிக்கினே கீற?"

"தனியா நின்னா இன்னா, சேந்து நின்னா இன்னா? ரெண்டும் அங்கதான கீது?"

"ஐயோ! ஒரே சேதியதான் ரெண்டும் வேற வேற மாதிரி மாத்தி அனுப்புது. இரும்புப் பொட்டில பட்டு எகிறி, கலந்து போய்ச் சேந்தாலும் அந்தாண்ட வாங்குற மிஷினு கணக்குப் போட்டுப் பிரிச்சிடும். ஆனா ரெண்டும் தள்ளித் தள்ளி நிக்கணும். அப்பதான் ஒண்ணு மாட்டிக்கினாலும் இன்னொண்ணு தப்பிக்கும். ஒட்டிக்கினு நின்னா ரெண்டும் சேந்தே சாவும்!"

மனோகரன் அசரவில்லை. "மேல வந்து கொஞ்ச நேரம் குந்து. அப்பால பேசு."

பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். கடல்காற்று வீசத் தொடங்கியதும் ஆட்டம் கண்டிருந்த ஆன்டெனா ஒன்று கேபின் தகரத்தில் டக் டக்கென்று மோதியது. கீழே லாரிக்காரன் கத்துவது கூடக் கேட்கவில்லை.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணா?"

"நீ எங்கம்மா கேட்ட? வந்த, அவுத்த, பூட்ட."

அது உண்மை என்பதால் அவளுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. ஸ்டோரில் கேட்டால், புதுப் பிடிமானம் வர ஒரு மாதமாகும் என்றார்கள். பழைய டயர் ரப்பரை வெட்டி அடியில் கொடுத்து, போல்ட்டை இறுக்கினாள். சத்தம் நின்றது. திரையில் உத்தரவுகள் தடங்கலின்றி வந்தன. லாரி வரிசை நகர்ந்தது.

டீயை வாயில் வைத்தபோது பக்கத்துக் கிரேனிலிருந்து போன். அங்கே சுத்தமாக இணைப்பில்லை. போய்ப் பார்த்தாள். முந்தின நாள் கிரேனுக்குப் பெயின்ட் அடித்தவர்கள் ஆன்டெனாக்களையும் விட்டுவைக்கவில்லை. இரண்டும் அலுமினியப் பெயின்ட்டில் பளபளத்தன. அந்த உலோகப் பூச்சைத் தாண்டி அலை எங்கே போகும்?

"மாதாவே" என்று தலையிலடித்துக்கொண்டு, புது ஆன்டெனா கேட்க ஸ்டோருக்கு நடந்தாள்.