மக்காச்சோளம் போன வழி

எவர்சில்வர் தட்டில் உடைத்து ஊற்றிய ஒரு முட்டை. பண்ணைக்கார அக்காவை நினைத்தால் முதலில் அதுதான் கண்ணில் நிற்கிறது. வாளையாரில் ஒரு தீவன ஆலையில் நான் விற்பனைக்காரன். எங்கள் தீவனத்தை வாங்கி முட்டைக்கோழி வளர்த்தவர் அவர். புருஷன் போன பிறகு அந்தக் கோழிக் கொட்டகையை நம்பித்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தார். நான் போகும்போதெல்லாம் வாசலிலேயே ஒரு முட்டையை உடைத்துக் காட்டுவார். கரு நல்ல மஞ்சளாக இருந்தால் எனக்குக் காப்பி உண்டு. வெளுத்திருந்தால் திட்டு.

கடைசி வருஷம் முழுக்கத் திட்டுதான் வாங்கினேன். கருவுக்கு மஞ்சள் கொடுப்பது மக்காச்சோளம். பெட்ரோலில் எத்தனால் கலக்க வேண்டும் என்று அரசாங்கம் சலுகை மேல் சலுகை கொடுக்க, சோளமெல்லாம் எத்தனால் ஆலைகள் பக்கம் திரும்பிவிட்டது. விலை எகிறியது. சோளம் போட்டவனுக்கு நாலு காசு கிடைத்தது, அதை நான் குறை சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்தாவது இறக்கலாம் என்றால், நம் விவசாயியைக் காப்பாற்ற என்று அதற்குப் பெரிய வரி. இங்கே இருப்பதையும் விட்டுவைக்க மாட்டார்கள், வெளியிலிருந்து வருவதையும் உள்ளே விடமாட்டார்கள். இதை யோசித்த மகராசனுக்குக் கோழி என்று ஒரு ஜீவன் இருப்பதே நினைவில்லை. அரிசியில் எத்தனால் வடித்து மிஞ்சிய சக்கையைத்தான் சோளத்துக்குப் பதிலாகக் கலந்து கொடுத்தோம். கரு வெளுத்தது, ஓடு மெலிந்தது. பாலக்காட்டு பேக்கரிக்காரர்கள் முட்டையைத் திருப்பி அனுப்பினார்கள்.

கோழி வளர்ப்போர் கூட்டத்துக்கு வந்த அதிகாரி, எத்தனால் கலப்பதால் எண்ணெய் இறக்குமதி குறையும், அன்னியச் செலாவணி மிச்சமாகும் என்று பொறுமையாக விளக்கினார். அக்கா எழுந்து நின்றார்.

"ஏனுங்க சார், வண்டி ஓடோணும்னா என்ற கோழி பட்டினி கெடக்கோணுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். எனக்கு இன்றுவரை அந்தச் சிரிப்பின் மேல் கோபம் ஆறவில்லை. அடுத்த மாதமே கோழிகளைக் கறிக்கு ஏற்றிவிட்டார் அக்கா. வண்டி போகும்வரை கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை.

போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். கொட்டகை நிறைய மக்காச்சோள மூட்டை. எத்தனால் ஆலைக்கு வாங்கி அனுப்பும் வியாபாரி ஒருவர் வாடகைக்கு எடுத்திருக்கிறார். காவலுக்கு அக்காவேதான். கீழே சிந்தியதைக் கூட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து நிமிர்ந்தார்.

"பாத்தீங்களா தம்பி, எத்தன சோளம். திங்கறதுக்குத்தான் ஒரு கோழி இல்லீங்க."

கூட்டிய சோளத்தை இரண்டு கையாலும் அள்ளி, கல் பொறுக்கி, மறுபடி மூட்டைக்குள்ளேயே போட்டார்.