பதினேழாவது கேள்விக்கு டிக் போட்டது யார்?

சரியாகப் பத்து நாளைக்கு முன், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நஸ்ரினிடமிருந்து போன்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். கோவிக்கக் கூடாது. பதினேழாவது கேள்விக்கு டிக் போட்டது யாரு?"

கையிலிருந்த காபியை அப்படியே கீழே வைத்தேன். போட்டது நான்தான். ஒன்றல்ல, இரண்டல்ல... முப்பத்தொன்று!

நஸ்ரின், சிம்மக்கல்லில் மொத்தக் கடை வைத்திருக்கும் என் நண்பர் ரஹீம் பாயின் மகள். விளையாட்டு பார்க்கவும் ஆடவும் ஊர் விட்டு ஊர் போகிறவர்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். தலைப்பு, 'விளையாட்டுச் சுற்றுலாவும் பயணிகளின் நடத்தையும்'. எங்கள் காலத்தில் நடத்தை என்றால் பள்ளிச் சான்றிதழில் 'நன்று' என்று ஒரே ஒரு சொல். இவள் அதை இருபத்து நான்கு கேள்விகளாக்கி அச்சடித்து வைத்திருக்கிறாள். ஆறு வருடம் ஓடிவிட்டது. இரண்டு முறை அவகாசம் வாங்கியாயிற்று. இந்த முறை கெடு தவறினால் பதிவே ரத்து.

கடைசிக் கட்டுப் படிவங்களுக்காகத் தை மாதம் ஒரு கபடிப் போட்டிக்குப் போனாள். செக்கானூரணி தாண்டி ஒரு கிராமம். இரண்டு நாள் போட்டி. பாய்க்குக் கடையை விட்டு வர முடியவில்லை. திருநகரில் வாசலில் உட்கார்ந்து போகிற பஸ்களை எண்ணிக்கொண்டிருக்கிற நான், இரண்டாம் நாள் காலை துணைக்குப் போனேன். வழியில் பத்தொன்பது வேகத்தடை.

மைதானத்தில், கம்பம் ஊரிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞரிடம் படிவத்தை நீட்டினேன்.

"சுற்றுலாப் பயணியா... யாரு, நாங்களா? ஏண்ணே, சுற்றுலான்னா கொடைக்கானல் போறது. நாங்க எங்க டீமுக்குக் கத்த வந்தோம்."

"கத்துறதுக்கு இம்புட்டு தூரம் வந்தா அதுவும் சுற்றுலாதான் தம்பி."

"டேய் மாப்ள, நாம டூரிஸ்ட்டாம்டா! கூலிங் கிளாஸை மாட்டு!"

சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்கள். திரும்பும் பஸ்ஸில் நஸ்ரின் முன்பக்கம் பெண்கள் சீட்டில். படிவக் கட்டு என் மடியில். எண்ணினேன். ஐம்பத்திரண்டு, சரி. அதோடு விட்டிருக்கலாம்... புரட்டினேன்.

பதினேழாவது கேள்வி: எங்கே தங்கினீர்கள்? லாட்ஜ், உறவினர் வீடு, சொந்த வீடு, தங்கவில்லை என்று நான்கு கட்டங்கள். முப்பத்தொரு படிவத்தில் எதிலுமே டிக் இல்லை.

முப்பத்தாறு வருடம் தாலுகா ஆபீசில் பதிவேடு எழுதிய கை இது. 'இல்லை' என்றாவது எழுது, கோடாவது கிழி, கட்டத்தை மட்டும் காலியாக விடாதே — முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். காலி இடத்தில் பின்னால் யாராவது எதையாவது நுழைத்துவிடுவார்களாம்.

நுழைத்தேன். காலையில் அந்த ஊர் வீட்டு வாசல்களில் அவர்கள் பல் துலக்கியதைப் பார்த்திருந்தேன். வீட்டுக்காரர்களோடு மாப்ள, மச்சான் என்று பேசியதைக் கேட்டிருந்தேன். அப்புறம் என்ன சந்தேகம்? 'உறவினர் வீடு'. பஸ் குலுங்கியதில் டிக் எல்லாம் அவரவர் போட்டது போலவே கோணலாக விழுந்தது. நாகமலை வருவதற்குள் வேலை முடிந்தது. மனசும் நிம்மதி.

போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"முப்பத்தொண்ணா? உறவினர்னு முப்பத்தெட்டு இருக்கு மாமா. நிசமா அவங்களே போட்ட ஏழு எது?"

தெரியவில்லை. எத்தனை என்று கேட்டால் சொல்வேன். எது என்று கேட்டால்?

"இத வச்சு ஒரு அத்தியாயமே எழுதிட்டேன். இந்தப் பயணத்தையெல்லாம் சொந்தபந்தம்தான் தாங்குதுன்னு. கைடு பாராட்டினாங்க. எனக்குத்தான் உறுத்துச்சு... ஒரு சின்ன ஊர்ல இத்தனை பேருக்கா சொந்தக்காரங்க இருப்பாங்க?"

கெடுவுக்கு ஒன்பது நாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. 'யாருக்குத் தெரியப்போகிறது, அப்படியே விட்டுவிடேன்' என்று நான் சொல்லவில்லை, ஆனால் நினைத்தேன். அவள்தான் சொன்னாள்: "நாளைக்குப் போவோம் மாமா."

போட்டியை நடத்திய பாண்டி தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். படிவத்தில் பெயர் கிடையாது. ஊர், வயது, தொழில் மட்டும்தான். "கம்பம், இருபத்தாறு, டிராக்டர் டிரைவர்" என்று நஸ்ரின் வாசித்ததுமே, "நம்ம சேகரு!" என்று போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏ சேகரு, போட்டிக்கு வந்தப்ப ராத்திரி நீ யார் வீட்டுலடா படுத்த?"

"ஏண்ணே, என்ன களவு போச்சு?"

"சொல்லுடா!"

"மாரிச்சாமி அண்ணன் வீட்டுல."

"அவரு உங்களுக்குச் சொந்தமாண்ணே?" நஸ்ரின் கேட்டாள்.

"சொந்தமா? ஆத்தாடி! முத நாளு என் காலைப் பிடிச்சு இழுத்துத் தோக்கடிச்ச ஆளும்மா அவரு!"

பாண்டி விளக்கினார். "எங்க ஊரு வழக்கம் தங்கச்சி. எதுத்து ஆடுறவன் வீட்டுலதான் எதிராளி தங்கணும். பிடிச்ச பிடியில கை காலு சுளுக்குனா, பிடிச்சவன்தான எண்ணெய் தேய்க்கணும்? கூட வந்த பயலுகளுக்கும் அங்கனதான் சோறு. லாட்ஜுல தங்க விட்டா ஊருக்குக் கேவலம்ல?"

நஸ்ரின் பேனாவை நிறுத்தி அவரையே பார்த்தாள். பிறகு நான்கு கட்டங்களுக்குக் கீழே ஐந்தாவதாக ஒன்றை வரைந்தாள். 'எதிராளி வீடு'.

மதியம் இரண்டு மணிக்குள் முப்பத்தைந்து பேர் கிடைத்துவிட்டார்கள். உறவினர் வீடு ஆறு. எதிராளி வீடு இருபத்தொன்பது. மூன்று போன் ஸ்விட்ச் ஆஃப்.

"அந்த மூணை..." என்று இழுத்தேன்.

"காலியாவே இருக்கட்டும் மாமா. தெரியலைன்னா தெரியலைன்னுதான் எழுதணும்."

அந்த அத்தியாயம் போயிற்று. ஏழு நாளில் முதல் வரியிலிருந்து புதிதாக எழுதினாள். முந்தாநாள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். கெடுவுக்கு ஒரு நாள் மிச்சம். படிவங்களில் ஒருவர் கை வைத்ததையும், மறுபடி கேட்டுத் திருத்தியதையும் நான்கு வரியில் எழுதியிருக்கிறாள். என் பெயர் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஏன் பேசவில்லை, மருமகள் ஏன் முகத்தைத் திருப்பினாள்... இப்படி எத்தனை கட்டங்களை நாமே டிக் அடித்து வைத்திருக்கிறோம்? இதை மட்டும் நான் எண்ணத் துணியவில்லை.

அன்று பாண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸிலும் நஸ்ரின் படிவக் கட்டை நம்பி என் மடியில்தான் வைத்தாள். பேனாவை மட்டும் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டாள்.